நன்றி மட்டும் சொன்ன பக்கம்

கீழ்வேளூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் காலையில் போன் செய்தார். "பதிஞ்சா மிஷின் வரும்னீங்க. பதிஞ்சேன், நன்றின்னு வந்துச்சு. மிஷின் வரல. பக்கத்து ஊர்ல உங்க மிஷின்தான் ஓடுது. இங்க கதிர் முத்திக் கொட்டுது, வானம் வேற கறுக்குது."

பாபநாசத்தில் ஒரு மாடி அறையிலிருந்து அறுவடை மிஷின் பதிவுத் தளத்தை நானும் என் கூட்டாளி பாயும் நடத்துகிறோம். தளம் என் வேலை, மிஷின்கள் அவருடையவை. அந்த அம்மாவின் பதிவைத் தேடினேன். இல்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருவர் பதிவுகூட இல்லை. பக்கத்து ஊர் என்றால் அது பாயின் மச்சான் வயல்.

சந்தேகம் வரப்பை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நண்டு வளை வழியாகக் கசிகிறது. பாய் நீட்டிய டீயில்கூடக் கசிந்தது. துபாயில் கணினி வேலை பார்த்தவர். தளத்தின் கடவுச்சொல் அவரிடமும் உண்டு.

எந்த இணைய முகவரி எந்த சர்வ்லெட்டுக்கு, அதாவது சர்வரில் ஓடும் எந்த நிரலுக்கு, போகவேண்டும் என்று சொல்லும் web.xml கோப்பைத் திறந்தேன். .do என்று முடிபவை பதிவு சர்வ்லெட்டுக்கு. நான் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே நான் எழுதாத ஒன்று: /booking/*. அப்படித் தொடங்குபவை எல்லாம், எங்கள் பதிவு முகவரி உட்பட, வேறொரு பக்கத்துக்கு. முகவரியின் முடிவைப் பார்க்கும் வரியைவிட, தொடக்கத்தைப் பார்க்கும் வரிக்கே சர்வர் முதலில் வழிவிடும். தலைமடையில் திறந்துகொண்டவனுக்குத்தானே தண்ணீர்.

"பாய், இத யாரு போட்டது?"

"நான்தாண்ணே. மாட்டுப் பொங்கலுக்கு டிரைவருங்க மிஷினுக்கு மஞ்சள் பூசி நிறுத்திட்டாங்கள்ல. அன்னைக்கு யாரும் பதிய வேணாம்னு அறிவிப்பு வெச்சேன். மறுநாளே அழிச்சிட்டேனே."

வாசகத்தை அழித்திருந்தார். வழியை அழிக்கவில்லை. 'நன்றி, வணக்கம்' என்ற கடைசி வரி மட்டும் மிஞ்சி, வந்த பதிவையெல்லாம் வாங்கி, எங்கும் சேர்க்காமல், கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

"மச்சானுக்கு மட்டும் எப்படி?"

"அவன் எங்கண்ணே பதிஞ்சான்? வீட்டுக்கே வந்து, சோத்துல கைய வெச்சுக்கிட்டே கேட்டான்." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னையவா நோண்டுறீங்க?"

அந்த வரியை நீக்கி, சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். பாய் என் முகத்தைப் பார்த்தபடியே டிரைவரைக் கூப்பிட்டார். "மச்சான் வயல் பாதியோட நிக்கட்டும். அந்தம்மா வயலுக்கு ஏத்து."

தூறல் விழுமுன் அறுத்தாயிற்று என்று மாலையில் அந்த அம்மா பேசினார். குரலில் ஈரம் இல்லை. "ஒன்னு கேக்கணும் சார். மிஷின் வந்தது நான் பதிஞ்சதுக்கா, போன்ல கத்துனதுக்கா?"

பாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்துனதுக்குத்தாம்மா" என்றேன்.

"அப்ப அடுத்த போகத்துக்கும் போனே பண்றேன்" என்று வைத்துவிட்டார்.