தக்காளியின் அடியில் ஒரு கறுப்பு

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஏழு வீட்டுப் படியேறினேன் — நான் சொன்ன ஒரு பொய்யைத் திரும்பப் பெறுவதற்காக.

வீட்டுப் பின்புறம் பத்துத் தக்காளிச் செடி வைத்திருந்தேன். ஆவணியில் காய்கள் பருத்தன. மேலே பளபளப்பு, அடியிலோ கறுத்துக் குழிந்த அழுகல்.

பக்கத்து வீட்டு முத்துமாரி பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைப்பவர். மாலைதோறும் எங்கள் கிணற்றில் கைகால் கழுவி, ஒரு குடம் எடுத்துக்கொள்வார். கைம்மாறாகச் செடிகளுக்கும் நீர் ஊற்றுவார். அவர் விரல்களில் வெள்ளிப் பொடி எப்போதும் மின்னும்.

அழுகலையும் அந்த விரல்களையும் நான் முடிச்சுப் போட்டேன். படித்தவன் அல்லவா?

“மருந்துக் கையால தண்ணி ஊத்துதீக, காயெல்லாம் கருகுது. இனிமே கிணத்துக்கு வர வேண்டாம்.”

“சரிங்க சார்” என்றார். அவ்வளவே.

என் சொல் தெருவில் பரவியது. மற்றக் கிணறுகளும் அவருக்கு அடைபட்டன. நாளெல்லாம் உழைத்த கால்கள் ஊர்க்கோடிக் குளமான ஊருணிக்கு நடந்தன.

பிறகு நீர் ஊற்றியவன் நான் — ஞாயிறன்று வெள்ளம், மற்ற நாள்களில் மறதி. அழுகல் பெருகியது.

சென்ற மாதம் பயிர் யோசனை சொல்லும் கிராம சேவகர் வந்து ஒரு காயைப் பிளந்தார்.

“மருந்துமில்ல, பூச்சியுமில்ல சார். ஒருநாள் மண்ணு காய்ஞ்சு கிடந்து, ஒருநாள் வெள்ளம்னா காய்க்குச் சுண்ணாம்புச் சத்து ஏறாது, அடி அழுகிரும். காய் பிடிக்கையில தண்ணி நின்னுச்சா?”

நின்றது. ஆடியில் முத்துமாரி நேர்த்திக்கடனுக்காக இருக்கன்குடி போய்ப் பத்து நாள் தங்கினார். அந்தப் பத்து நாளும் செடிகளை நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர் ஊற்றியதால் அல்ல. ஊற்றாததால் வந்த கேடு.

சேவகர் வந்துபோன அன்று மாலையே முத்துமாரி வீட்டுக்குச் சென்று சொன்னேன். “தப்பு என்மேலதான். பழையபடி நம்ம கிணத்துக்கே வாங்க.”

முத்துமாரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “தக்காளிக்கு என்ன சீக்குன்னு அவுக வந்து சொல்லிட்டாக. என் கையில ஒண்ணுமில்லன்னு தெருவுக்கு யாரு சார் சொல்லுவா?”

ஏழு வீட்டிலும் சொன்னேன். எல்லோரும் பணிவாகத் தலையசைத்தார்கள். ஒருவர் மட்டும் வாய் திறந்தார்: “இருந்தாலும் சார்... மருந்துக் கை மருந்துக் கைதானே?”

அந்தச் சொல் என்னுடையது. நான் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது நாள்தோறும் அளவாக நீர் ஊற்றுகிறேன். புதிய பிஞ்சுகளில் கறுப்பு இல்லை. முத்துமாரி இன்றும் ஊருணிக்குத்தான் போகிறார்.