நெஞ்சில் பூசிய திருநீறு

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் நடந்தது இது. தாராவியில் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் ஏழெட்டுப் பேரோடு பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, டிராம்பேயில் ஒரு தொழிற்சாலைக்குத் தினக்கூலியாகப் போய்வந்தேன். கல்யாணமான சூட்டோடு ரயிலேறியவன். மனைவி திருச்செந்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தாள். வேலை நிரந்தரமானால் செம்பூரில் ஓர் அறை தருவார்கள், அவளை அழைத்துக்கொள்ளலாம். பக்கத்து அறையில் ஒரு புருஷன் பெண்டாட்டி தினமும் ஸ்டவ் புகைக்காகச் சண்டை போடுவார்கள். எங்கள் ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கோ பொறாமையாக இருக்கும். சண்டை போடவாவது ஆள் கூட இருக்கிறதே!

நிரந்தரமாக்கும் முன் உடம்பைச் சோதித்த கம்பெனி டாக்டர், என் நெஞ்சில் வைத்த குழாயை எடுக்கவே இல்லை. துடிப்பு சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் இருதயத்தைச் சோதித்து இந்த வாரத்துக்குள் சர்டிபிகேட் கொண்டுவா, இல்லாவிட்டால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். அறையில் வந்து சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. ஒருவர் பூண்டு தின்னச் சொன்னார். ஆஸ்பத்திரியில் படியேறச் சொல்வான், மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறு என்றார் இன்னொருவர். கேட்கக் கேட்க நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது.

என்னிடம் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது. கிளம்பும்போது மனைவி, திருச்செந்தூர்க் கோயிலில் தரும் பன்னீர் இலைத் திருநீற்றைக் கையில் கொடுத்து, "மனசு திக்குதிக்குன்னு அடிச்சா நெஞ்சுல பூசிக்கிடுங்க" என்று சொல்லியிருந்தாள். தீர்ந்துவிடுமே என்று கிள்ளிக் கிள்ளித்தான் பூசுவேன். இலை காய்ந்து சருகாகிவிட்டது. சோதனைக்குப் போகிற அன்று காலையில், மிச்சம் இருந்ததையெல்லாம் நெஞ்சில் பட்டையாகப் பூசி, மேலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்தார்கள். நடுவயது மராட்டிக்கார நர்ஸம்மா ஒருவர் ஈரப் பஞ்சோடு வந்தார். நெஞ்சில் கருவியின் ரப்பர் குமிழை ஒட்ட வேண்டுமாம், இதையெல்லாம் துடைக்க வேண்டுமாம். நான் இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டேன். "பீவி தியா" என்றேன், என் அரைகுறை ஹிந்தியில். மனைவி கொடுத்தது என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. டாக்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு படபடப்பில் சோதிக்க முடியாது, அடுத்த வாரம் வரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அடுத்த வாரமா? போச்சு, வேலையும் போச்சு, செம்பூரும் போச்சு என்று கிடந்தேன்.

நர்ஸம்மா டாக்டரிடம் போய் என்னவோ பேசிக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டு வந்தார். ஈரப் பஞ்சை வைத்துவிட்டு உலர்ந்த பஞ்சை எடுத்தார். கைக்குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல, கீழே சிந்தாமல், அந்தத் திருநீற்றை ஒற்றி ஒற்றி எடுத்தார். பஞ்சைச் சுருட்டி என் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"கப்ராவ் மத். பீவி சாத் மே ஹை" என்றார். பயப்படாதே, உன் மனைவி கூடவே இருக்கிறாள்.

அப்போது டிரெட்மில் ஏது? இரண்டே படி வைத்த ஒரு மரமேடை. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, திரும்பி மறுபடி ஏற வேண்டும். மூடிய கையோடு ஏறினேன், இறங்கினேன். திரும்பப் படுக்கவைத்து வயரை மாட்டியபோது கையைத் தளர்த்தச் சொன்னார் நர்ஸம்மா. பஞ்சை மட்டும் வாங்கவில்லை. நெஞ்சில் கோளாறு ஒன்றுமில்லை, பயம்தான் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

செம்பூர் அறைக்கு மனைவி வந்ததும் பஞ்சைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "நெத்தியில பூசிட்டுப் போயிருந்தா இந்த வம்பே இருந்திருக்காதுல்லா?" என்றாள். நீதானே நெஞ்சில் பூசச் சொன்னாய் என்றேன். சொன்னால் அப்படியே செய்துவிடுவதா என்று சிரித்தாள். அதற்கப்புறம் ஸ்டவ் புகைக்காக நாங்களும் ஆசைதீரச் சண்டை போட்டோம்.

ஆசை தீர்ந்தது என்று சும்மா சொல்கிறேன், தீரவில்லை. அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. சமீபத்தில் வாஷி ஆஸ்பத்திரி ஒன்றில் இருதயச் சோதனைக்கு டிரெட்மில்லில் நடக்கவைத்தபோது, கம்பியை இரண்டு கையாலும் பிடியுங்கள் என்று அங்கிருந்த நர்ஸ் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் வலது கை மட்டும் மூடியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும், அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.