சந்தனம் வைத்த உறைபெட்டி

வெள்ளைக் கதவில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம், கீழே தரையில் தேங்கிய தண்ணீர். கீரனூர் சாலையில் நான் கண்காணிப்பாளராக இருந்த ஆய்வுக்கூடத்தை நினைத்தால் முதலில் வருவது இதுதான். விஜயதசமி காலை. உறைபெட்டியின் உறுமல் கேட்கவில்லை. என் முதுகு சில்லிட்டது; சில்லிட்டிருக்க வேண்டியது பெட்டி.

உள்ளே ஒரு சின்னக் குப்பியில் சில துளி நொதி. சுண்டெலியின் மரபணுவை வேறு செல்களுக்குள் புகுத்தி உண்டாக்கியது. எலும்பில் சுண்ணாம்பு படிய உதவுவது. பிறவியிலேயே எலும்பு இறுகாத குழந்தைகளுக்காக எங்கள் டாக்டரம்மா நடத்திவந்த ஆய்வின் கடைசிக் கட்டத்துக்கு அது ஒன்றுதான் மிச்சம். கெட்டிருந்தால் ஆய்வு அத்தோடு முடிந்தது. உறைபெட்டியை நிறுத்த மூன்று பேர் ஒப்புதல் வேண்டும் என்று விதி எழுதியவன் நான். சரஸ்வதி பூசைக்கும் அது பொருந்துமா என்று எழுதவில்லை.

"நேத்து தொடைக்கையில ஷாக் அடிக்குமேன்னு பிளக்கைப் புடுங்குனேன் சார். பூசைக்கு வச்ச மெசினை மறுநாள்தானே ஓட்டணும்?" என்றார் அட்டெண்டர். பிறகு மெதுவாக, "எலி செத்துப்போச்சா சார்?"

"எலி இருந்தாத்தானே சாகும்," என்றேன்.

திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த டாக்டரம்மா தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. குப்பியை ஐஸில் வைத்தார். நிறமில்லாத ஒரு கரைசலில் அதிலிருந்து துளி விட்டு, வெள்ளைத் தாளின் முன் பிடித்தார். நொதி உயிரோடிருந்தால் கரைசல் மஞ்சளாகும். மூவரும் தாளையே பார்த்தோம்.

"மஞ்சளாத்தான் தெரியுதுங்கம்மா," என்றார் அட்டெண்டர்.

"எனக்குத் தெரியலையேண்ணே. கொஞ்சம் இருங்க."

வந்தது. ஆனால் வெளுத்த மஞ்சள். "பாதிக்கு மேல போயிருச்சு. மிச்சத்துல ஒரு தடவைதான் செய்யலாம். தப்புனா இல்ல," என்றார். அந்த ஒரு தடவையை அவர் செய்து முடித்தார். அதுவரை நாங்கள் இருவரும் வாசலைத் தாண்டவில்லை. சில வாரம் கழித்து, வளர்த்த எலும்புச் செல்களின் மேல் சுண்ணாம்பு படிந்ததை அவர் காட்டியபோது, அட்டெண்டர் நுண்ணோக்கியைத் தொட மறுத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

இப்போது என் எலும்பே தேய்ந்து, அதற்கான ஊசிமருந்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்கு மனைவி ஃபிரிட்ஜைத் துடைத்துச் சந்தனம் வைத்தாள். "அணைக்கலைங்க, போய் உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். அவள் அடுக்களைக்குள் போனதும் எழுந்து, பொட்டு கலையாமல் கதவில் காதை வைத்தேன்.