மூன்றாம் நாள் வீக்கம்

உம்மா மௌத்தானதற்காக எங்களுக்கு ஒரு பசு கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. கடல் வந்து போனதில் ஆளை இழந்த வீடுகளுக்கு வாழ்வாதார உதவி என்றார்கள். எட்டு வயதில் எனக்கு விளங்கியது அவ்வளவுதான். உம்மா போனார், பசு வந்தது.

வாப்பா சாய்ந்தமருதில் தோணி வைத்திருந்தவர். மாட்டைக் கட்டத் தெரியாமல், தோணியைக் கட்டும் முடிச்சையே அதற்கும் போட்டார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த மாமா, உம்மாவின் தம்பி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், நங்கூரம் போடல்லயா?"

வாப்பா சிரிக்கவில்லை. அந்த வருடம் அவர் எதற்கும் சிரிக்கவில்லை. கடலுக்கும் போகவில்லை. வயலோரம் போட்டுத் தந்த தகரக் கொட்டிலில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருந்தோம்.

ஆகவே நான் பசுவோடு கதைத்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான்தான். அதைப் பெருமையாகக் கேட்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொப்பியை விரித்து, அன்றைய பாடத்தை அதற்கு வாசித்துக் காட்டுவேன். அது அசைபோட்டபடி கேட்கும். இடைக்கிடை இருமும். இருமி முடியும்வரை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவேன்.

காலையில் கறந்ததும் வாப்பா நுரையோடு ஒரு கோப்பையை நீட்டுவார். "சூட்டோட குடி மகள், உடம்புக்கு நல்லம்." ஒரு நாளில் அவர் என்னோடு பேசிய மிக நீண்ட வசனம் அதுதான். அதற்காகவே ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடிப்பேன்.

இருமலைப் பற்றி யாரோ சொல்லி மிருக வைத்தியர் வந்தார். திருக்கோவில் ஊர்ப் பக்கத்துக்காரர். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மோட்டார் சைக்கிளில் வந்து சேர மதியமாகிவிட்டது. பசுவின் கழுத்தில் ஓரிடத்தில் மயிரை மழித்து, தோலைக் கிள்ளிப் பிடித்துத் தடிப்பை அளந்து, ஊசி போட்டார். மூன்றாம் நாள் வருவதாகவும், அந்த இடம் வீங்கியிருந்தால் கசநோய் என்றும், மாட்டைக் கொண்டுபோக வேண்டிவரும் என்றும் சொன்னார். அவர் போனபின் வாப்பா கயிற்றில் இன்னொரு முடிச்சும் போட்டார்.

மூன்றாம் நாள் காலை அந்த இடம் தேசிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் உம்மா நெற்றியில் ஈரத்துணி போடுவார். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்து, வீக்கத்தில் வைத்துப் பிடித்தேன். காய்ந்தால் மறுபடி நனைத்தேன். கை கடுத்தது. பசு விலகாமல் நின்றது.

வைத்தியர் வந்து துணியை எடுத்துப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் வத்தாது பிள்ள" என்றார். பிறகு அளந்து எழுதிக்கொண்டார். எவ்வளவு என்று வாப்பா கேட்கவில்லை.

"பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

வாப்பா நிலத்தைப் பார்த்தார். கொட்டில் கிடைக்கும்வரை அகதி முகாமில் இருந்த நாட்களில், பேனையோடு வருகிறவர்களுக்கு எந்தப் பதிலைச் சொன்னால் பொருள் நம் கையில் தங்கும் என்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. "ஓம், நல்லாக் காய்ச்சித்தான்" என்று முந்திக்கொண்டேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனையை மூடி வைத்தார்.

"இஞ்ச வாங்க பிள்ள."

என் முன்னால் குந்தி, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார்.

இன்று ஆய்வுகூடத்தில் அந்த நோயின் கிருமியைத்தான் வளர்க்கிறேன். வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளரும். பச்சைப் பாலில் வந்தால் அது பிள்ளைகளின் கழுத்தில் நெறி கட்டவைக்கும். பொய் சொன்ன பிள்ளையிடம் அவர் வேறு எதையும் கேட்கவில்லை, அந்த நெறியைத் தேடினார். அது இருந்தது. பிறகு மாதக்கணக்கில் நான் மாத்திரை விழுங்கினேன்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. பசுவைப் பறிகொடுக்கப்போகிற பிள்ளை என்று இரங்குகிறார் என்றே நினைத்தேன். உம்மாவுக்குப் பிறகு என் முகத்தை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அசைந்தால் கையை எடுத்துவிடுவாரோ என்று, எச்சில்கூட விழுங்காமல் நின்றேன்.