கரையிலிருந்து அளந்த நட்சத்திரங்கள்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவியின் தம்பி இரண்டு கண்ணாடித் தட்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். பேருந்தில் கூட்டம் நெரித்ததாம். ஆனாலும் மடியைவிட்டு இறக்கவில்லை என்றான். தோளில் ஒரு பையும் இருந்தது. அவன் இயற்பியல் கற்பிக்கும் கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கிய நுண்ணோக்கி அதற்குள் இருந்தது. திருகைத் திருகினால் தண்டவாளத்தில் நகர்வதுபோல் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அதிலேயே அளவும் காட்டும்.

விஷயம் இதுதான். சில மாதங்களில் ஒரு முழுச் சூரிய கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் வழியாகக் கடக்க இருந்தது. அதைப் படம் பிடிக்கப் போகும் வானியல் குழு ஒன்று உதவிக்கு ஆள் தேடியது. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் ஒரே சோதனை வைத்தார்கள். எங்கோ முன்பு நிகழ்ந்த கிரகணத்தில் எடுத்த ஒரு புகைப்படத் தட்டு, அதே நட்சத்திரங்களைப் பல மாதம் தள்ளி இரவில் எடுத்த இன்னொரு தட்டு, இரண்டின் பெரிதாக்கிய படிகளையும் அனுப்பினார்கள். பன்னிரண்டு நட்சத்திரங்கள் இடம் மாறியிருக்கின்றனவா, மாறியிருந்தால் எவ்வளவு என்று அளந்து அனுப்ப வேண்டும். சரியாக அளந்தவனுக்குக் குழுவில் இடம். கிரகணத்தின் நிழலில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது மச்சானுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்த ஆசை.

"நீயே அளக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"நாலு தபா அளந்தேன் மாமா. எனக்குப் பதில் தெரியும். கண்ணு நேரா அங்க போய்தான் நிக்குது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது பாருங்க, நீங்கதான் சரி."

"பாத்தீங்களா, வூட்டுக்கு வந்து இன்னா மரியாதை!" என்றாள் என் மனைவி, தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டையில் தாராகச் சுற்றியபடி.

நான் அப்போது பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் புடவைகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். லென்ஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதும், அகலமும், உடலோடு கரை சேரும் கோர்வையும் சரியா என்று பார்ப்பதும் என் வேலை. மச்சான் கேட்டது புதிதாகத் தோன்றவில்லை. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடாதே என்று மட்டும் அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

கூடத்தின் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் உண்டு. அவற்றின் அடியில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டை வைத்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் வீடு போய்விட்டது. நெகட்டிவ் என்பதால் வானம் பால்போல் வெளுத்திருந்தது. நட்சத்திரங்கள் கறுப்பு. சூரியனை மறைத்த நிலவு நடுவில் ஒரு வெள்ளை வட்டம். அதைச் சுற்றி ஈரத் துணியில் மை கசிந்ததுபோல் கறுப்பு ஒளி. பக்கத்து வீடுகளில் தறிகள் அடிக்கும் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்குத் திருகைத் திருகிப் போவதற்குள் ஒரு மாமாங்கம் கடந்துவிடும் போலிருக்கும். நிமிர்ந்தால் மனைவி அதே தாரைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். இரண்டு ஞாயிறுகள் ஆயின. மச்சான் கட்டம் போட்டுக் கொடுத்திருந்த தாளில் 'தூரம்' என்ற தலைப்பின் கீழ், இரவுத் தட்டின் அளவு, கிரகணத் தட்டின் அளவு, வித்தியாசம் என்று வரிசையாக எழுதினேன். பன்னிரண்டிலும் கிரகணத் தட்டில் தூரம் குறைந்திருந்தது. அதிகபட்சம் ஒரு பட்டு இழையின் அகலம். சிலவற்றில் அதில் பாதிகூட இல்லை.

இரண்டாம் ஞாயிறு மாலை வந்த மச்சான் தாளைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாமே மைனஸ்ஸா இருக்குது மாமா."

"இருந்தா?"

"நட்சத்திரத்தோட வெளிச்சம் சூரியன் பக்கத்துல வரும்போது வளையும். அதனால அது சூரியனை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிற மாதிரி தெரியணும். தூரம் அதிகமாவணும். இங்க எல்லாம் சூரியன் கிட்ட ஓடிக்கினு இருக்குது." தாளில் ஒரு மைனஸ் குறியைத் தொட்டுக் காட்டினான். பிறகு, "அளவு கரெக்டா இருக்குது. இந்தச் சின்னக் கோட்டை மட்டும் மாத்திட்டா போதும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான்.

"மாத்தறதுக்கு என்னை எதுக்குபா ரெண்டு வாரம் குனிய வெச்ச?"

"டேய், புடவை அகலம் குறைஞ்சா நீ அளவுகோலை வெட்டுவியா?" என்றாள் அவன் அக்கா.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் தபாலில் சேர்த்தாக வேண்டும். நான் தட்டை மறுபடி துணிமேல் வைத்தேன். "எது எங்கே போகணும்னு காட்டு" என்றேன். அவன் கண்ணாடியைத் தொடாமல், நடுவில் இருந்த வெள்ளை வட்டத்தின்மேல் விரலை நீட்டி, வெளிப்பக்கமாக நகர்த்தி ஒரு நட்சத்திரத்தில் நிறுத்தினான். "நீங்க எப்படிப் போனீங்க?" என்று கேட்டான். தட்டின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று சட்டம்போல் நாலு பக்கமும் ஓடும். நான் அந்தக் கோட்டில் விரலை வைத்து உள்ளே வந்தேன். இரண்டு விரல்களும் ஒரே நட்சத்திரத்தின்மேல் இடித்துக்கொண்டன.

என் மனைவி ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஒரே வூட்டுக்கு ரெண்டு பேரும் ரெண்டு தெருவுல வந்துக்கினு இருக்கீங்க!"

சங்கத்தில் எந்தப் புடவையையும் கரையிலிருந்துதான் உள்ளே அளப்போம். வேறு இடத்திலிருந்து தொடங்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. பதிலைச் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில், சூரியனிலிருந்து அளக்க வேண்டும் என்பதையும் மச்சான் சொல்லாமல் விட்டிருக்கிறான். நடுவை விட்டுத் தள்ளிப் போனது ஓரத்துக்குக் கிட்ட வரத்தானே செய்யும்?

அவன் குதித்து எழுந்து பேனாவைத் திறந்தான். நான் தாளைக் கொடுக்கவில்லை. எண்களில் எதையும் தொடாமல், தலைப்பில் மட்டும் 'தூரம்' என்பதற்கு முன்னால் 'ஓரக் கோட்டிலிருந்து' என்று எழுதினேன். அடியில், அளந்தது தான் அல்ல, தன் அக்காவின் கணவர் என்றும், காரணம் இன்னது என்றும் அவனையே எழுதச் சொன்னேன். "இடம் போச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினான்.

ஆவணி முடிவதற்குள் பதில் வந்தது. கடிதத்தை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து நின்றபடி படித்தான். பதில் தெரிந்தவன் தன் கண்ணை நம்பாமல் விட்டது அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். குழுவில் இடம் உண்டு. ஆனால் கிரகணத்துக்கு அல்ல. புரட்டாசியில், சூரியன் அந்தப் பக்கம் இல்லாத நாட்களில், கிரகண நாளில் சூரியனைச் சுற்றி இருக்கப்போகும் அதே நட்சத்திரங்களை இரவில் எடுக்கும் நான்கு பேரில் அவன் ஒருவன். கிரகணத்தன்று வேறு ஆட்கள் போவார்கள்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடலடா, பந்தக்கால் நடக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள் அக்கா. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

அவன் கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். வெளியே நல்ல வெயில். அவன் வாசலுக்குப் போய்க் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத அந்த வெள்ளை வானத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வெளுப்புக்குப் பின்னால் அந்த நேரத்தில் எந்தெந்த நட்சத்திரங்கள் தள்ளி நின்றிருந்தனவோ, அவன் அவற்றின் நடுவில் நின்றிருந்தான் என்றே நினைக்கிறேன். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ராத்திரில குளிருமா மாமா அங்க?" என்று கேட்டான்.

என் மனைவி பெட்டியைத் திறந்து கம்பளியைத் தேட ஆரம்பித்தாள்.