பக்கத்து வீட்டில் ஏன் பாட்டு?

போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் ஒரு புகார் கொடுத்தேன். பக்கத்து ஃப்ளாட்டில் சத்தமாகப் பாட்டு வைக்கிறார்கள் என்று.

மந்தைவெளியில் எட்டே வீடுகள் உள்ள பழைய கட்டடம் எங்களுடையது. எனக்கும் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் மாட்டலாம். அப்படிப்பட்ட சுவர்.

அங்கே ஒரு வருடமாக வாடகைக்கு இருப்பவர்கள் சதீஷும் கலைவாணியும். இளம் தம்பதி. அவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பிரின்டிங் பிரஸ்ஸில் சூப்பர்வைசர் வேலை. அந்தப் பெண்ணுக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. செவ்வாய்க்கிழமை வீக் ஆஃப்.

நான் இந்தப் பத்தியை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிற நாளும் செவ்வாய்க்கிழமைதான்.

பாட்டு என்றால் மனதை வருடுகிற ரகம் இல்லை. குத்துப் பாட்டு. டமடமவென்று டிரம், நடுநடுவே விசில். மேஜை மேலிருக்கிற டீ கிளாஸில் சின்னதாக அலை அடிக்கும். நாள் முழுக்க ஓடினாலாவது பழகிப் போயிருக்கும். இது திடீரென்று ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் ஓடும். திடீரென்று நிற்கும்.

எப்போது ஆரம்பிக்கும் தெரியுமா? நான் ஏற்கெனவே டென்ஷனில் இருக்கும்போது. எழுத வராமல் திணறும்போது... சார்ஜரை யாரோ எடுத்து எங்கோ வைத்திருக்கும்போது... வீட்டில் ஏதோ ஒன்றுக்காகக் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டி வரும்போது... கரெக்டாக அந்த நேரம் பார்த்து டமடம.

வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தேன். (வேண்டுமென்றேதான் செய்தார்கள். அதற்கு வருகிறேன்.)

ஒரு செவ்வாய்க்கிழமை போய் பெல் அடித்தேன். கலைவாணி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனாள். குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னம்மா இது? மனுஷன் வீட்ல வேலை பார்க்க வேண்டாமா?"

"சாரி சார். நிறுத்திடறேன் சார்."

நிறுத்தினாள். அடுத்த வாரம் மறுபடி டமடம.

இனிமேல் விடக்கூடாது என்று செயலாளரிடம் போனேன். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். "பேசிக்கலாம் சார், விடுங்களேன்" என்று இழுத்தார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் இதை எடுத்தே ஆக வேண்டும் என்றேன்.

என் மனைவி வசந்தாவையும் கூப்பிட்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் சேர்கள். பேசினேன் பாருங்கள்... அடுத்தவர் காதுக்கும் மரியாதை உண்டு என்றேன். நாலு சுவருக்குள் இருக்க வேண்டியது நாலு சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றேன். நாகரிகம் என்ற சொல்லை மூன்று நான்கு தடவையாவது சொல்லியிருப்பேன். மேடைப் பேச்சுக்குக் கூப்பிட்டால் கூட இவ்வளவு தயாரித்துக்கொண்டு போகிற ஆள் இல்லை நான்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. கீழ் வீட்டு டீச்சரம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என் கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சதீஷ் மட்டும் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"தப்புதான் சார். இனிமே கேக்காது."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

"சரி, அடுத்து தண்ணி லாரி விஷயம்" என்றார் செயலாளர், அவசர அவசரமாக.

ஜெயித்துவிட்டு மாடி ஏறினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. பத்தியை அனுப்பப் போனால் இன்டர்நெட் இல்லை. காலையில் வீடு பெருக்கும்போது வசந்தா ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி மாட்ட மறந்திருக்கிறாள். கத்தினேன். ரௌட்டரில் ஆரம்பித்து, ஒரு பொருளையும் வைத்த இடத்தில் வைக்கத் தெரியாத அவள் லட்சணத்தைச் சொல்லி, அங்கிருந்து அவள் தம்பி வீட்டு கிரகப்பிரவேசத்தில் எனக்கு மரியாதை கிடைக்காத கதை வரைக்கும் போனேன். அது நடந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அவள் பேசாமல் பிளக்கை மாட்டிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

பாட்டு வரவில்லை. என் குரல் மட்டும் ஹாலில் இருந்தது. அது கூட எனக்கு உறைக்கவில்லை. பத்தியை அனுப்பிவிட்டு, மனசு லேசாகி, பால் வாங்கக் கீழே இறங்கினேன்.

கார் பார்க்கிங்கில், மோட்டார் ரூம் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் சேரில் கலைவாணி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் போடுகிற நைட்டி, மேலே ஒரு துப்பட்டா. காதில் இயர்போன். லீவு நாளில் இங்கே வந்து ஏன் உட்கார்ந்திருக்கிறாள்?

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். இயர்போனைக் கழற்றினாள்.

"முடிச்சிட்டீங்களா சார்?"

"என்னத்தம்மா முடிச்சிட்டேன்?"

இயர்போனைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "இல்ல சார்... மேல சத்தம் போட்டுக்கினு இருந்தீங்களே. முடிஞ்சிருந்தா நான் வீட்டுக்குப் போயிடுவேன். அடுப்புல சோறு வைக்கணும்."

நான் நின்றேன். பால் பாத்திரத்தோடு அங்கேயே நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க பாட்டு போடக்கூடாதுன்னுட்டீங்க. அதான் கீழ வந்துட்டேன். எனக்கு யாராச்சும் கத்துனா கை உதறும் சார். சின்ன வயசுலேர்ந்தே. சிந்தாதிரிப்பேட்டைல எங்க வீடு ஒரே ரூமு. எங்க அப்பா இப்படித்தான்... அடிக்கல்லாம் மாட்டாரு. வாய் மட்டும்தான்."

வாய் மட்டும்தான்.

அதே சொற்களை நான் சொல்ல இருந்தேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. 'கோபம் வரும், ஆனால் ஒரு நாளும் கை நீட்டியதில்லை' என்பதுதானே என்னைப் போன்றவர்களின் நற்சான்றிதழ்? அந்தச் சான்றிதழின் மறுபக்கத்தை இவள் எனக்குப் படித்துக் காட்டிவிட்டாள். அதுவும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு.

"நீ போம்மா. முடிஞ்சிடுச்சு" என்றேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு வசந்தாவைத் தெரியும். என்னை மிரட்டுகிறவள். இரண்டாவது காபிக்குத் தடை போடுகிறவள். நான் பயந்து நடுங்குகிற ஹோம் மினிஸ்டர். வருடக்கணக்காக அப்படித்தான் எழுதி வருகிறேன். கல்யாண வீடுகளில் வாசகர்கள் அவளிடம் வந்து, "சாரை ரொம்ப மிரட்டாதீங்கம்மா, பாவம்" என்பார்கள். அவள் சிரிப்பாள். இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பாள்.

எங்கள் வீட்டில் குரலை உயர்த்துகிற ஆள் ஒருவர்தான். அது வசந்தா இல்லை.

பால் வாங்காமலே மாடி ஏறினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு கீழ உட்கார்ந்திருந்தது" என்றேன்.

"தெரியும். அது கதவைச் சாத்திட்டுப் போற சத்தம் கேட்டுது."

"பாட்டு எதுக்குப் போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

கத்தி நிற்கவில்லை. "தெரியும். ரொம்ப நாளா. அது பாட்டு போட்டா எனக்கும் ஒரு நிம்மதிங்க. நீங்க கத்தறது கீழ டீச்சர் வீட்டுக்குக் கேக்காதேன்னு."

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்தேன்.

"அதைப் போய் மீட்டிங்ல வெச்சு நிறுத்திட்டு வந்தீங்க" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை.

சாயந்திரம் சதீஷ் வீட்டுக்குப் போனேன். அவர் பதறிப் போய் சேரைத் துடைத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் என்னை விட அவர் அதிகமாகக் கூச்சப்பட்டார். "ஐயோ, விடுங்க சார்" என்று காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"மீட்டிங்ல ஏன் தம்பி சொல்லல? அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம் சார்." கொஞ்சம் யோசித்தார். "அம்மாவுக்கு அசிங்கமா இருக்குமே."

நாகரிகம் பற்றி நான் முழங்கிய அதே கூட்டத்தில், என் மனைவியின் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பையன் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அது தோன்றக்கூட இல்லை. தோன்ற வேண்டிய ஆள் நான் அல்லவா?

மறுநாள் செயலாளரைப் பார்த்து, புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். தப்பு என் பக்கம் என்று அடுத்த மீட்டிங்கில் நானே சொல்வதாகவும் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு சார்?" என்றார் அவர். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

எட்டு வீடு. எனக்கு மட்டும்தான் தெரியாது. செவிப்பறை கிழிகிறது என்று புகார் கொடுத்த ஒரே ஆளுக்கு மட்டும்தான் எதுவும் கேட்கவில்லை.

இருந்தாலும் அடுத்த மீட்டிங்கில் சொன்னேன். வசந்தா பேரை இழுக்காமல், "பாட்டுக்குக் காரணம் என் சத்தம்தான், சதீஷ் மேல் ஒரு தப்பும் இல்லை" என்று மட்டும். டீச்சரம்மா போனிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். பாராட்டும் இல்லை, கோபமும் இல்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. போன வாரம் மூக்குக் கண்ணாடியைத் தேடும்போது ஆரம்பித்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் கேட்டது. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினேன். முகம் சுட்டது. கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்... சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடுவது நல்லது.

இதை எழுதி முடித்து வசந்தாவிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியதை அச்சுக்குப் போகும் முன் அவளிடம் காட்டுவது இதுதான் முதல் தடவை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிதானமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, மறுபடி மேலே போய்ப் படித்தாள்.

"போடலாமா?" என்றேன்.

"போடுங்க" என்றாள். பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். "கடைசியில திருந்திட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க. கொஞ்ச நாள் போகட்டும். பார்த்துட்டு நானே சொல்றேன்."