சருகில் ஊன்றிய கைகள்

அந்தப் படம் கமெராவில் விழுந்த அன்று காட்டில் இருந்தது மூன்றே பேர்: நில அளவையாளரான சேர், ஜீப் ஓட்டிய சிங்கள அண்ணன், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான். பல்லேபொலைக்கு மேலே சிறுத்தைகள் நடமாடும் வழிகளைக் கண்டறிய மரங்களில் கமெரா கட்டிக்கொண்டிருந்தோம். முன்னால் ஓர் உடம்பு அசைந்தால் அது தானாகவே படமெடுக்கும். கட்டிய உயரம் சரியா என்று பார்க்க யாராவது நாலு காலில் தவழ வேண்டும். சேர் அந்த வேலையை எங்களுக்கு விட்டதே இல்லை. சருகில் கைகளை ஊன்றி, தலையைத் தாழ்த்தி வருவார். "சேருக்கு வால் மட்டும் இல்ல," என்றார் அண்ணன். சேர் சிரித்தார். கமெரா பளிச்சென்று ஒளி அடித்தது.

எனக்குக் கமெராவைவிட வரைபடத்தில்தான் பயம். ஒவ்வொரு கமெராவும் இருக்கும் இடத்தை அதில் சிவப்புப் புள்ளியாக வைத்திருந்தார். சண்டை மறுபடியும் மூண்டிருந்த காலம். சோதனைச் சாவடிகளில் சோற்றுப் பார்சலையே பிரித்துப் பார்த்தார்கள். சேரின் அடையாள அட்டையிலோ யாழ்ப்பாண விலாசம்.

"மேப்ப ஜீப்புல கொண்டு போக வேணாங்க சேர்."

"உமக்கு மழைக்கும் பயம், மாட்டுக்கும் பயம். அனுமதிக் கடிதம் இருக்குத்தானே, தம்பி."

மாத்தளைக்கு இறங்கும் வழியில் மறித்தார்கள். கடிதத்தை வாசித்த சிப்பாய் மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தான். சிவில் உடுப்பில் நின்றவர் வரைபடத்தை ஜீப்பின் பொனட்டில் விரித்து, புள்ளி புள்ளியாக விரல் வைத்தார். மிருகங்களுக்கு வைத்த கமெராக்கள் என்று அண்ணன் சிங்களத்தில் கெஞ்சினார். என் அட்டையில் தேயிலைத் தோட்டத்து விலாசம் இருந்ததால் என்னைப் போகச் சொன்னார்கள். சேரை விசாரித்துவிட்டு அனுப்புவார்களாம்.

அவர்களுடைய வேனில் ஏறும்போது சேர், "கமெராவில பிலிம் ரோல் கிடக்கு. மழைக்கு முதல் எடுத்துப்போடும்," என்றார். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை.

சில வாரங்களில் அவருடைய மனைவி வந்தார். "முறைப்பாடு எடுக்கப் படம் கேக்கினம், தம்பி. எல்லாம் ஊர் வீட்டோட எரிஞ்சுபோச்சு."

அந்த ரோலை எடுக்கப் பயத்தோடுதான் மலை ஏறினேன். அண்ணன் கூட வந்தார். ரோலைக் கழுவியபோது முதற்படத்தில் சேர் தவழ்ந்துகொண்டிருந்தார். கடைசிப் படத்தில், அதே சருகின் மேல், அதே உயரத்தில் தலையை வைத்து ஒரு சிறுத்தை. அதைச் சேர் பார்க்கவில்லை.

நெகட்டிவ் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. இருந்த ஒரே பிரதியோடு முறைப்பாடு கொடுக்கப் போனோம். நிற்கிற படம் இல்லையா என்று கேட்டார்கள். சேரின் மனைவி கத்தரிக்கோல் வாங்கி முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தார்.

இப்போது காட்டுக்கு வரும் பிள்ளைகள் வரைபடத்தைக் கைபேசியில் வைத்திருக்கிறார்கள். யாரும் மறிப்பதில்லை. ஆனாலும், அதை உள்ளே வையுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது.

வெட்டியது போக மீதி என்னிடம் இருக்கிறது. சருகில் ஊன்றிய இரண்டு கைகள், வளைந்த முதுகு, அவர் சிரித்த இடத்தில் ஓர் ஓட்டை.